திறப்பு யார் கையில்?

பொருளியல் விரிவுரையாளனாக இருந்த காலத்தில், வளர்முக நாடுகளின் போக்குவரத்து வசதியை வீட்டுக் கணக்காகவே படிப்பித்தேன். எத்தனை வீடுகளில் சைக்கிள் உண்டு, எத்தனையில் மோட்டார் சைக்கிள் உண்டு என்பதே அளவுகோல். 2011ஆம் ஆண்டு இந்தியக் குடிசன மதிப்பும் அப்படித்தான் கேட்டது. வீட்டில் அதை ஓடுவது யார் என்ற கேள்வி அதில் இல்லை. அந்தக் கேள்வியை நான் படித்தது ஒக்லண்டில்.

இங்கு வந்த புதிதில் எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. விடியற்புறம் நான் அதில் பென்றோஸ் பகுதித் தொழிற்சாலைக்குப் போவேன். மாலை வரை கார் அங்கே சும்மா நிற்கும். மனைவியோ பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, கடைக்குப் போய்ச் சாமான் பைகளுடன் நடந்து திரும்பி, பின்னேரம் இரண்டு பஸ் மாறி அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவார். கணக்கெடுப்பில் நாங்கள் 'கார் உள்ள குடும்பம்'.

ஆணின் பயணம் பெரும்பாலும் வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலானது. பெண்ணின் பயணம் பல இடங்களைத் தொட்டு, பிள்ளையோடும் சுமையோடும் நடப்பது. வறிய நாடுகளில் விறகும் தண்ணீரும் அதனுடன் சேர்கின்றன. அதிகம் அலைபவருக்கே வாகனம் கிடைப்பதில்லை.

இது மாற்ற முடியாததல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குப் பழக்கியது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் வாங்கக் கடனுக்கும் வழிசெய்தார். கேலியைப் பொருட்படுத்தாமல் பல்லாயிரம் பெண்கள் பழகினர். ஆண்களுக்கான சைக்கிளையே விரும்பியவர்களும் உண்டு. முன்பாரில் பிள்ளையை இருத்தலாம். பஸ்ஸுக்கும் தகப்பனுக்கும் தமையனுக்கும் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மிச்சமாயிற்று.

யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பின் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், நம் பெண்கள் சைக்கிளில் குடும்பங்களைச் சுமந்ததை நாமே கண்டோம். அதே பெண்கள் இங்கு காரின் பக்கத்து இருக்கைக்கு வந்தது எப்படி?

"அவைக்குப் பயம்" என்பார்கள் நண்பர்கள். இங்குள்ள விதியையும் பார்க்க வேண்டும். நியூசிலாந்தில் 1987 முதல் சாரதி அனுமதிப்பத்திரம் மூன்று படிகளில் வழங்கப்படுகிறது. முதற்படியில் இருப்பவர் ஓடிப் பழக, முழு அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு வருடமாவது ஆன ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் கணவன். அவனுக்கு நேரமில்லையென்றால் அவள் அடுத்த படிக்கு ஏற முடியாது.

எனக்கும் நெடுங்காலம் நேரமிருக்கவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் பெண் விடுதலை குறித்த கூட்டங்களுக்குப் போக நேரமிருந்தது, காரில்தான் போனேன்.

பின்னர் அந்தச் சனிக்கிழமைகளை மனைவியின் பக்கத்து இருக்கையில் கழித்தேன். இன்று கார் அவரிடம். நான் பஸ்ஸில் போகிறேன். வேலைக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் புறப்பட வேண்டியிருக்கிறது. அவர் பல வருடங்களாகக் கொடுத்துவந்த நேரம் எவ்வளவென்று அதில்தான் எனக்கு விளங்கியது.

நம் அமைப்புகள் தமிழ்ப் பாடசாலை நடத்துகின்றன, விளையாட்டுப் போட்டி நடத்துகின்றன. வாரம் ஒருநாள் பெண்களுக்குக் கார் ஓடப் பழக்குவதை ஏன் நடத்தக்கூடாது? மறுப்பவர்கள் எழுதட்டும். எழுதுமுன், வீட்டுக் கார்த் திறப்பு யாருடைய பையில் இருக்கிறதென்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.