பட்டணத்தில் பாராமகால் – 14: தோரப்பள்ளிக்காரர் பெயரில் ஒரு மண்டபம்

போன வாரம் கோட்டை அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தருகே நிறுத்தியிருந்தேன். திப்புவின் பிள்ளைகள் இருவரைப் பணயமாக ஒப்படைக்கும் காட்சி அதில் இருக்கிறது. அதே 1792 ஒப்பந்தத்தில்தான் கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் அடங்கிய நம் பாராமகால் கும்பினி கைக்குப் போனது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும்.

இந்த வாரம் ஆளுநர் தாமஸ் மன்றோவின் சிலை என்று அறிவித்திருந்தேன். ஆனால் மன்றோவின் குதிரையைத் தாண்டி, கூவம் பாலத்தையும் தாண்டினால் ஓமந்தூரார் தோட்டம் வந்துவிடும். அங்கே நிற்கும் ராஜாஜி மண்டபம் இந்த வாரம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. உயர்ந்த பீடம், அகன்ற படிக்கட்டு, கிரேக்கக் கோயில் சாயலில் வரிசையாகத் தூண்கள். அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று தலைவர்களின் உடல்களுக்கு மக்கள் அஞ்சலி செலுத்திய இடம். காவேரிப்பட்டணத்தை விட்டு வெளியே போகாதவர்கள்கூடத் தொலைக்காட்சியில் அந்தப் படிகளைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அது எதற்காகக் கட்டப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. நம்மை வென்றதைக் கொண்டாடக் கட்டியது அது.

நம்மை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தென்பெண்ணைக் கரையில் இருக்கும் நம் காவேரிப்பட்டணத்துக் கோட்டையை 1767இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டில் ஹைதர் அலி மீட்டார். 1790இல் கர்னல் மாக்ஸ்வெல்லின் படை இங்கே முகாம் போட்டது. மைசூர்ப் போர்கள் என்று பாடப் புத்தகத்தில் படிப்பதெல்லாம் நம் வயல் வரப்பில் நடந்தவை. அந்தப் போர்கள் 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு மாண்டதோடு முடிந்தன. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ். பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன். விருந்து மண்டபம் ஒன்றைக் கட்டச் சொன்னார் அவர். முகப்பின் ஒரு பக்கம் பிளாசி வெற்றிக்கான சின்னங்கள், மறுபக்கம் சீரங்கப்பட்டண வெற்றிக்கான சின்னங்கள். ஒரு பக்கம் அப்பன் வென்ற போர், மறுபக்கம் மகன் ஆட்சிக்காலத்தில் வென்ற போர். 1802 அக்டோபரில் நடன விருந்தோடு திறந்தார்கள்.

கட்டியவரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஜான் கோல்டிங்ஹாம் தொழிலால் வானியலாளர். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டி முடிந்த சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருந்தவர். கருவியைத் தாங்க அங்கே நிறுத்திய 15 அடி உயரக் கருங்கல் தூண் இன்றைக்கும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். விண்மீனை அளந்தவர் பிறகு ஓசையையும் அளந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது வழக்கம். கோல்டிங்ஹாம் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் தெரிந்த நொடிக்கும் சத்தம் வந்து சேர்ந்த நொடிக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டார். பீரங்கிகள் இருந்த தூரம் அவருக்குத் தெரியும். கூடவே வெப்பம், ஈரம், காற்றின் திசை எல்லாவற்றையும் பதிந்தார். வெயில் ஏறினால் ஓசை வேகமாகப் பயணிக்கும் என்பது அந்த அட்டவணைகளில் மாதவாரியாகத் தெரிகிறது. 1823இல் லண்டன் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. மிரட்டுவதற்காக வெடித்த பீரங்கியை ஒருவர் அறிவுக்குத் திருப்பியிருக்கிறார். அவர் கட்டிய மண்டபத்துக்கும் அப்படியே நேர்ந்தது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

1948இல் அந்த மண்டபத்துக்கு ராஜாஜி பெயரை வைத்தார்கள். ஓசூர் பக்கம் தோரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்து, ஓசூரில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் போய், சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர். அந்த 1948 ஜூனில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். பதவிக்காகக் கொடுத்த பெயர் என்றே நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் சட்டமன்றம் எந்தெந்த இடங்களில் கூடியது என்ற பட்டியலைப் பார்த்தபோது துள்ளிக் குதித்தேன். 1938 ஜனவரி 27 முதல் 1939 அக்டோபர் 26 வரை சென்னைச் சட்டமன்றம் கூடியது இந்த விருந்து மண்டபத்தில்தான்! அப்போது மாகாணப் பிரதமர் ராஜாஜி. அதாவது, பெயர் சூட்டுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் அங்கே உட்கார்ந்து ஆண்டிருக்கிறார்.

அந்தக் காலத்தில் வந்த சட்டங்களைப் பாருங்கள். முதலில், 1938இன் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1929க்குப் பின் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் தானிய விலை படுத்துவிட்டது. கடன் மட்டும் படுக்கவில்லை, வட்டி குட்டி போட்டுக்கொண்டிருந்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் விவசாயி வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி முழுவதையும் அந்தச் சட்டம் தள்ளியது. அசல் பாக்கியைக் கட்டினால் போதும். அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தாலோ, அந்தக் கடனே தீர்ந்தது. தலைமுறை தலைமுறையாகப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த வீட்டில் இது எவ்வளவு பெரிய செய்தி என்று நினைத்துப் பாருங்கள்.

1937 அக்டோபர் 1 என்ற நாளைக் கவனித்தீர்களா? சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிய நாளும் அதுவே. அன்றைக்குச் சேலம் மாவட்டம் என்றால் ஓசூரும் கிருஷ்ணகிரியும் காவேரிப்பட்டணமும் சேர்ந்ததுதான். தம் சொந்த மாவட்டத்தில் கள்ளுக்கடையை மூடிய அதே தேதியைக் கடன் வட்டிக்கும் கோடாகப் போட்டிருக்கிறார்.

கள்ளுக்கடையை மூடினால் அரசுக்கு வருமானம் போகும். அந்த ஓட்டையை அடைக்க வந்தது 1939இன் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விற்பனை வரி என்பது இந்தியாவில் அதுதான் முதல் தடவை. ஆரம்பத்தில் பெரிய வியாபாரிகளுக்கு வியாபாரத் தொகையில் அரை சதவீதம். மற்ற மாகாணங்கள் பின்னால் வந்தன, 2017இல் ஜி.எஸ்.டி. வரும்வரை மாநிலங்களின் கஜானாவைத் தாங்கியது அந்த வரிதான். நம் ஊர் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்போ, நான் ஆயுசு பூரா எழுதின வரி நம்ம தோரப்பள்ளிக்காரர் போட்டதா, சார்?" என்றார். ஆமாம் ஐயா. மாங்கூழ் ஆலை பில்லிலும் கிரானைட் லாரி பில்லிலும் வரிக்கென்று ஒரு வரி ஏறிய கதை அந்தத் தூண்களுக்குள் தொடங்கியது.

எல்லாம் புகழுக்குரியவை அல்ல. அதே 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய உத்தரவும் அந்த அரசுதான் போட்டது. அதை எதிர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் உயிர்விட்டார்கள். எதிர்த்து நின்றவர் பெரியார். ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று மறைந்தார், பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று. அரசியலில் எதிரெதிர், நட்பில் குறைவில்லாத அந்த இருவரின் உடல்களையும் ஓராண்டு இடைவெளியில் இந்த மண்டபத்தில்தான் வைத்தார்கள்.

கட்டியவன் என்ன நினைத்துக் கட்டினான் என்பது ஒரு கட்டடத்தின் தொடக்கம் மட்டுமே. திப்பு வீழ்ந்த மகிழ்ச்சியில் எழுப்பிய கூடத்தில், திப்பு ஆண்ட எல்லை மண்ணின் பிள்ளை ஒருவர் உட்கார்ந்து குடியானவன் கடனைத் தீர்த்திருக்கிறார். முகப்பில் எந்தச் சின்னம் இருந்தாலும், உள்ளே நடந்ததுதான் அதை நம்முடையதாக ஆக்கியது. சென்னைக்குப் போகும் கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகள் மெரினாவுக்கு முன்னால் இந்தப் படிகளைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நூல் மிச்சம் இருக்கிறது. அந்தக் கடன் ஏன் அவ்வளவு ஏறியது? கிஸ்தியை ரொக்கமாக, குறித்த தேதியில் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடும் ஒரு காரணம். ரயத்துவாரி என்ற அந்த முறை பிறந்தது நம் பாராமகாலில். 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் கீழ் தர்மபுரியில் இருந்து அதை வளர்த்த இளைஞர்தான் பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ. வட்டியை வெட்டியவருக்கு மண்டபம், கிஸ்தியை வகுத்தவருக்குக் குதிரை. இரண்டும் ஒரே சாலையில்.

அடுத்த வாரம் மன்றோ, உறுதியாக. சேணமும் அங்கவடியும் இல்லாத அந்தக் குதிரையைப் பற்றிச் சிற்பி மறந்துவிட்டார், அவமானத்தில் உயிரை விட்டார் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நம்ப வேண்டாம். அதே பிரான்சிஸ் சான்ட்ரி லண்டனில் அரசர் நான்காம் ஜார்ஜுக்கும் வெலிங்டனுக்கும் செய்த குதிரைகளிலும் அங்கவடி கிடையாது. ஏன் என்பதை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

(தொடரும்)