மிசின் மேலே, ஹோஸ் கீழே

வீட்டு மிசின்கள் – 6

மாரி ஓய்ந்து வெள்ளம் வடியத் தொடங்கியதும் ஓட்டமாவடியின் வளவுகளில் வோட்டர் பம்புகளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். மாதுறு ஓயா கொண்டுவரும் தண்ணீர் வாழைச்சேனை வாவியை நிரப்பினால் தாழ்வான வளவுகளில் வெள்ளம் நிற்கும். அந்த வெள்ளம் மலசலகூடக் குழியையும் தொட்டுக்கொண்டு கிணற்றுக்குள் போகும். மட்டக்களப்பு மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகும் இதுதான் நடந்தது. கிணற்றை இறைத்து, கழுவி, குளோரின் போட்டால்தான் மீண்டும் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம். கையால் இறைத்து முடியாது. பெற்றோல் மிசின் வேண்டும்.

சென்ற வாரம் எஞ்சின் ஒயிலைப் பற்றிப் பேசினோம். அது மிசினின் ஆயுள் பற்றியது. இந்த வாரம் மனித உயிர் பற்றியது. ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஓடும் எந்த மிசினையும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. பலகை போட்டு அதன்மேல் வைப்பதும் கூடாது, கயிற்றில் தொங்கவிடுவதும் கூடாது, ஐந்து நிமிட வேலைக்கென்றாலும் கூடாது.

மிசினை ஏன் இறக்குகிறார்கள்? தண்ணீர் ஏறாததால்தான். பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பம்பு ஹோஸுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற, கிணற்றுத் தண்ணீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்றின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இத்தாலியின் தொரிசெல்லி 1640களிலேயே காட்டிவிட்டார். கடல் மட்டத்தில் அது ஏறக்குறைய 10.3 மீற்றர். ஹோஸின் உராய்வையும் சின்னச் சின்னக் காற்றுக் கசிவையும் கழித்தால் நடைமுறையில் 7, 8 மீற்றர்தான் கிடைக்கும். 5 குதிரைவலு மிசினாக இருந்தாலும் 10 குதிரைவலு மிசினாக இருந்தாலும் இந்த எல்லை மாறாது. கரையோரக் கிணறுகளில் தண்ணீர் சில மீற்றரிலேயே கிடைக்கும். அங்கே மிசினை இறக்கத் தேவையே இல்லை. உள்நாட்டுப் பக்கம் போகப் போக, கோடையில் நீர்மட்டம் கீழே போகும்போதுதான், “தம்பி, மிசினைக் கொஞ்சம் கீழே இறக்கு” என்ற பேச்சு வருகிறது. உயிரைப் பறிப்பது அந்தக் கொஞ்சம்தான்.

சின்ன எஞ்சின் பெற்றோலை முழுமையாக எரிப்பதில்லை. அதன் புகையில் காபனோரொட்சைட்டு தாராளமாக இருக்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் மூக்குக்குத் தெரிவது புகையின் மற்றச் சரக்குகள்தான். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு இந்த வாயு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவோடு ஒட்டிக்கொள்கிறது. ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார், உடலுக்கு ஒட்சிசன் போய்ச் சேராது. முதலில் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல். வெயில் களைப்பு, பசி மயக்கம் என்று நினைத்து வேலையைத் தொடர்வார்கள். அடுத்து கால் தளரும். ஏதோ பிழை என்று புரியும்போது ஏணியில் ஏறும் பலம் இருக்காது.

எவ்வளவு வாயு வேண்டும்? காற்றின் பத்து லட்சம் பங்கில் 1,200 பங்கு காபனோரொட்சைட்டு இருந்தால் அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் வரையறுத்திருக்கிறது. நான்கு அடி விட்டமும் இருபது அடி ஆழமும் உள்ள ஒரு கொட்டுக் கிணற்றின் கொள்ளளவு சுமார் 250 கன அடி. அந்த அளவு காற்றை நஞ்சாக்க ஒன்பது லீட்டருக்கும் குறைவான காபனோரொட்சைட்டு போதும். ஒரு வாளிக்குள் அடங்கும் அளவு. ஓடும் மிசின் ஒன்று அதைச் சில நிமிடங்களில் கக்கிவிடும்.

இதே நிறுவனம் 1996இல் வேறு அரச அமைப்புகளோடு சேர்ந்து சின்னப் பெற்றோல் எஞ்சின்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமொன்றில் 8 குதிரைவலு பெற்றோல் பம்போடு வேலை செய்த ஒருவர், வெளியேற முயன்றபோது மயங்கி விழுந்த சம்பவம் அதில் இருக்கிறது. அவர் நின்ற அறை 59,000 கன அடி. பக்கத்துக் கதவுகளும் திறந்தே இருந்தன. நமது கொட்டுக் கிணற்றைவிட 200 மடங்குக்கும் மேல் பெரிய, கதவு திறந்த அறையில் நடந்தது அது. 11 குதிரைவலு மிசினால் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்த பண்ணைக்காரர் ஒருவர் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் சுருண்டு விழுந்து இறந்ததும் அதே எச்சரிக்கையில் பதிவாகியிருக்கிறது. கிணற்றின் வாய் திறந்துதானே இருக்கிறது என்பவர்களுக்கு இந்த இரண்டு சம்பவங்களையும் சொல்லுங்கள்.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்றும் நம்மிடம் உண்டு. விளக்கு அணைந்தால் ஒட்சிசன் குறைவு என்று அது காட்டும். ஆனால் ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும். அதைவிடப் பெரிய ஆபத்து, பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது என்பது. மேலே சிந்திய பெற்றோலின் ஆவி கிணற்றுக்குள் இறங்கி நிற்கும். அங்கே விளக்கை இறக்கினால் கிணறே தீப்பற்றும்.

அடுத்தது, காப்பாற்றப் போகிறவர்கள். தம்பி விழுந்தால் காக்கா இறங்குவார், மகன் விழுந்தால் வாப்பா இறங்குவார். அந்தப் பாசம்தான் ஒரே கிணற்றில் இரண்டு மூன்று ஜனாஸாக்களைக் கொண்டுவருகிறது. அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 வீதத்துக்கும் மேலானோர் காப்பாற்ற முயன்றவர்களே என்று நியோஷ் 1986இல் எழுதியது. ஆகவே யாரும் பின்னால் இறங்கக் கூடாது. மிசினை நிறுத்துங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். உள்ளே இருப்பவருக்கு நினைவிருந்தால் கயிற்றை எறிந்து கட்டச் சொல்லி இழுங்கள். ஆஸ்பத்திரியில் “மிசின் புகை” என்று முதலிலேயே சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி இந்த நஞ்சை ஒட்சிசனாகவே எண்ணி நல்ல அளவைக் காட்டிவிடும். டொக்டருக்கு அந்தத் தகவல் அவசியம்.

சரியான முறை இதுதான். மிசின் வெளியே, மட்டமான தரையில், ஹோஸ் எட்டும் அளவு கிணற்றைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். காற்று கிணற்றுப் பக்கமிருந்து மிசினை நோக்கி வீச வேண்டும். சைலென்சரின் வாய் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இறக்குவது ஹோஸையும் ஃபுட் வால்வையும் மட்டும். மிசின் ஓடும்போது கிணற்றுக்குள் ஆள் இருக்கக் கூடாது. சுவரை மேலிருந்தே நீண்ட கம்புத் தூரிகையால் தேய்க்கலாம். தண்ணீர் 7 மீற்றருக்குக் கீழே இருந்தால் மூழ்கு மோட்டார் பயன்படுத்துங்கள். அதற்குக் கரன்ட் கொடுக்கும் ஜெனரேற்றர் கிணற்றுக்கும் வீட்டுக்கும் குறைந்தது 20 அடி தள்ளி நிற்கட்டும். புகை ஒருமுறை உள்ளே போன கிணறு, மிசினை நிறுத்தியதும் சுத்தமாகிவிடாது. வாயுவை அளக்கும் கருவி இல்லாமல் அதற்குள் யாரையும் இறக்காதீர்கள்.

கிணற்றை அடிவரை வற்றவைக்கும் அவசரமும் வேண்டாம். வெள்ளம் வடிந்த கையோடு சுற்றியுள்ள மண் நீரால் ஊறியிருக்கும். உள்ளிருக்கும் தண்ணீரை வேகமாக எடுத்தால் வெளி அழுத்தத்தில் கொட்டு சரியும். 2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகள் உப்பானபோது திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சிய இறைப்பு உப்பைக் குறைக்கவில்லை, சில இடங்களில் கூட்டியது என்பதை சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இங்கே வந்து பார்த்து எழுதினார்கள். எவ்வளவு இறைப்பது, எவ்வளவு குளோரின் போடுவது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஓட்டமாவடிப் பள்ளிவாசல்களுக்கும் வாழைச்சேனைக் கோயில்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளம் வடிந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு சொல்லும் அறிவித்தல்களோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோயில் ஒலிபெருக்கியிலும் சொல்லுங்கள். மிசினை வாடகைக்கு விடும் கடைக்காரர்கள் பெற்றோல் தாங்கியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: மிசின் மேலே, ஹோஸ் கீழே.

அடுத்த வாரம்: சூடான மிசினுக்குப் பெற்றோல் ஊற்றுவது பற்றியும், சோடாப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பது பற்றியும்.