பனிநாட்டில் சிறு காரும் வீட்டுக் கராஜும்

கனடாவில் நவம்பர் முதல் மார்ச் வரை நீளும் பனிக்காலத்தில் ஒரு சிறு கார் நம்பகமாக ஓடுமா என்பது, அதன் எஞ்சினின் வலுவைக் காட்டிலும், அதில் பூட்டிய டயர்களையும் இரவில் அது நிற்கும் இடத்தையும் பொறுத்தது. பனிக்குப் பெரிய வண்டியே வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், ஆல்ப்ஸ் மலையின் பனிச்சாலைகள் வழியே நடக்கும் மான்டே கார்லோ ராலியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்றது சுமார் 3 மீட்டர் நீளமே உள்ள மினி கூப்பர்தான். அத்தகைய கார்களில் எஞ்சினின் எடை முழுவதும், வண்டியை இழுத்துச் செல்லும் முன்சக்கரங்களின் மேலேயே அமர்வதால், சக்கரம் வழுக்காமல் தரையைப் பற்றிக்கொள்கிறது. சிறு காரின் உண்மையான குறை, அதன் அடிப்பாகம் தரைக்கு மிக அருகில் இருப்பதே. பனி அகற்றும் வண்டிகள் சாலையோரத்தில் ஒதுக்கிவிட்டுப் போகும் பனிமேட்டில் அது எளிதில் சிக்கிக்கொள்ளும்.

சாதாரண டயரின் ரப்பர், வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போதே இறுகத் தொடங்கி, சாலையைப் பற்றும் தன்மையை இழக்கிறது. கடுங்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும் ரப்பரால் ஆனதும், பனியைக் கவ்வும் நுண்ணிய கீறல்கள் நிறைந்ததுமான டயரே பனிக்கால டயர். மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறித்த சின்னத்தால் அதை அடையாளம் காணலாம். இவ்வகை டயர் 1934இல் பின்லாந்தில் லாரிகளுக்காக உருவாக்கப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் கார்களுக்கும் வந்தது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். முன்சக்கரங்களுக்கு மட்டும் மாற்றிச் செலவைக் குறைப்பது ஆபத்தானது. முன்பகுதி சாலையைப் பற்ற, பின்பகுதி வழுக்கி வண்டியே சுழன்றுவிடும்.

டயர் மாற்றுவதற்குக் கராஜின் சமதளமான கான்கிரீட் தரை மிகப் பொருத்தமானது. எனினும் ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கான கருவியே தவிரத் தாங்குவதற்கானது அன்று என்பதால், உறுதியான தாங்கிகளை முட்டுக்கொடுக்காமல் வண்டிக்கு அடியில் எவரும் செல்லக் கூடாது. சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

கராஜை ஹீட்டர் வைத்து வெதுவெதுப்பாக வைத்திருந்தால் காருக்கு நல்லது எனப் பலர் கருதுகின்றனர்; அது பெரும்பாலும் தேவையற்ற செலவு. பனியை உருக்கச் சாலையில் தூவப்படும் உப்பு காரின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வருகிறது. உறைந்த நிலையில் மெதுவாக அரிக்கும் அந்த உப்பு, சூட்டில் உருகி ஈரமானதும் இரும்பை விரைந்து துருப்பிடிக்கச் செய்கிறது. காற்றையும் பனிப்பொழிவையும் தடுத்து, தரையில் நீர் வடியச் சற்றே சரிவும் உள்ள சூடேற்றாத கராஜே போதும். அத்துடன் அடிப்பாகத்தை அவ்வப்போது தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும்.

சூடு உண்மையில் தேவைப்படுவது எஞ்சினுக்குத்தான். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரி ஏறத்தாழப் பாதித் திறனை இழக்கும் அதே வேளையில், எஞ்சின் எண்ணெயும் கெட்டிப்பட்டு, வண்டியைக் கிளப்ப அதிக ஆற்றலைக் கேட்கிறது. இதற்காகவே அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1940களில் எஞ்சினைச் சூடேற்றும் மின்கருவி ஒன்றை உருவாக்கினார். வின்னிபெக் போன்ற நகரங்களில், இத்தகைய கருவியின் வயரைச் செருகுவதற்கென்றே வாகன நிறுத்துமிடங்களில் மின்இணைப்புகள் உண்டு. கராஜில் இதற்கென ஒரு பிளக் பாயின்ட் அமைத்து, புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு இயக்கினாலே போதும்.

எஞ்சினைச் சூடாக்கவென்று கராஜுக்குள் வண்டியை ஓடவிடுவதோ உயிருக்கே ஆபத்து. புகையுடன் வெளியேறும் கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாத வாயு. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்புடன் ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு, உடலை மூச்சுத்திணறச் செய்கிறது. வாசல் கதவு திறந்திருந்தாலும் அது வீட்டுக்குள் கசியக்கூடும். ஆகவே வீட்டோடு ஒட்டிய கராஜில், வீட்டுக்குள் செல்லும் கதவு இடைவெளியின்றித் தானாக மூடிக்கொள்வதாக இருக்க வேண்டும். அவ்வாறு கராஜ் ஒட்டியுள்ள வீடுகளில் உறங்கும் அறைகளுக்கு அருகே இவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் அலாரம் இருக்க வேண்டும் என ஒன்டாரியோ 2014இல் விதித்தது. இக்கால எஞ்சினுக்கு நீண்ட நேரச் சூடேற்றம் தேவையில்லை. கிளப்பியதும் வெளியே எடுத்து, முதல் சில நிமிடங்கள் நிதானமாக ஓட்டினால் போதும்.

சாலையில் வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. பனியில் அத்தூரம் இன்னும் பல மடங்கு நீள்கிறது. பாலங்கள் மேலும் கீழும் குளிர்வதால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி அங்கேதான் முதலில் படர்கிறது. வண்டி வழுக்கினால் பெடலிலிருந்து காலை மெல்ல எடுத்து, செல்ல வேண்டிய திசையை நோக்கி ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பனியில் சிக்கிய வண்டிக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்போர், புகைக்குழாயின் வாயை மூடிய பனியை முதலில் அகற்றிவிட வேண்டும்.

டொராண்டோவிலும் மான்ட்ரியலிலும் புதிதாகக் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள், கராஜுக்கு ஹீட்டர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் நான்கு பனிக்கால டயர்களையும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும், முதல் பனி விழும் முன்பே வாங்கிவிட வேண்டும்.