கிருமிகள் கைமாற்றும் பிட்டு

பவுர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள் திருவண்ணாமலை மருந்துக்கடைகளில் காய்ச்சல், தொண்டைவலி, கால் கொப்புளம் என்று கூட்டம் நிற்கும். “அந்த மாத்திரை உடம்புக்குப் பழகிடுச்சுங்க, பவர் கூட இருக்கிறதா குடுங்க” என்பார்கள். உடம்பு பழகுவதில்லை. மருந்துக்கு அடங்காதது உள்ளே இருக்கும் பாக்டீரியா.

எது அடங்கும், எது அடங்காது என்பதை ஆய்வகத்தில் ‘கல்ச்சர்’ சோதனையில் கண்ணால் பார்க்கலாம். நோயாளியிடம் எடுத்த கிருமியை அகார் தட்டில் பூசி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை மேலே வைத்து, ஓர் இரவு 35 டிகிரிச் சூட்டில் விடுவார்கள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாத வட்டம் விழும். அதை மில்லிமீட்டரில் அளப்பார்கள். கேட்காவிட்டால் வில்லையின் விளிம்பு வரை கிருமி படர்ந்திருக்கும்.

ஐசியுவில் மற்ற மருந்துகள் தோற்றபின் கொடுப்பது மெரோபெனம் போன்ற கார்பபெனம் வகை. அதையும் முறிக்கும் என்டிஎம்-1 என்ற நொதி சென்னை, ஹரியானா, பிரிட்டன் நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளில் இருப்பதை, தரமணியில் இயங்கிய சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் சகாக்களும் 2010-இல் லான்செட் குழும இதழில் எழுதினார்கள். சென்னையில் மட்டும் 44 மாதிரிகள். என்டிஎம் என்ற பெயரில் உள்ள ‘என்டி’ ‘நியூ டெல்லி’யைக் குறிப்பதற்கு எழுந்த கூச்சலில் பாதி கூடக் கிருமிக்காக எழவில்லை.

இந்த நொதி இரண்டு துத்தநாக அயனிகளின் துணையோடு மருந்து மூலக்கூறின் நாற்கர வளையத்தை உடைத்துவிடும். அதற்கான மரபணு பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருப்பதுதான் வில்லங்கம். பரீட்சை ஹாலில் பிட்டு கைமாறுவதுபோல, கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா தன் பிரதியை வைத்துக்கொண்டே இன்னொன்றை ஈ.கோலை என்ற வேறு பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். மருந்துக்கு அடங்கும் கிருமிகள் செத்தொழிய, அடங்காதவை மட்டும் பெருகும் இடம் ஆஸ்பத்திரி. சிறுநீர்க் குழாய், வென்டிலேட்டர், கழுவாத கை ஆகியவற்றின் வழியே அவை அடுத்த படுக்கைக்குப் போகின்றன. பிறகு மிஞ்சுவது கோலிஸ்டின் போன்ற சில மருந்துகள். கோலிஸ்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மருந்தைக் கண்டபடி விற்பதைத் தடுக்க, 2014 மார்ச் முதல் அரசின் ‘எச்1’ பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர், டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு ஓடினால் சீட்டில்லாமல் கேட்காதீர்கள். உறவினர் ஆஸ்பத்திரியில் இருந்தால், “கல்ச்சருக்கு அனுப்பினீங்களா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.