தசை வளர எவ்வளவு உண்ண வேண்டும்?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியின் குடும்பத்தார் எங்களிடம் பெரும்பாலும் கேட்பது, “எதையெல்லாம் கொடுக்கக் கூடாது?” என்பதே. “எவ்வளவு கொடுக்க வேண்டும்?” என்று கேட்போர் குறைவு. ஆனால், உடல் தேறும் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்விதான். கஞ்சி, ரொட்டி, இளநீர் என்று வாரக்கணக்கில் உணவைச் சுருக்கினால், காயம் ஆறிய பின்னும் கால்களில் வலு திரும்புவதில்லை. அந்த நிலையில் ஒரு முதியவர் குளியலறையில் தடுமாறி விழுந்தால், இடுப்பெலும்பு முறிவுடன் மீண்டும் மருத்துவமனைக்கு வர நேரிடுகிறது.

படுக்கை ஓய்வு தசையை எவ்வளவு கரைக்கும் என்பதை 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாள்கள் படுக்கையிலேயே இருந்தபோது, அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்தது. நோயும் காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும்.

தசைக்குத் தேவையானவை மூன்று

முதலாவது புரதம், இதுவே தசையின் கட்டுமானப் பொருள். இரண்டாவது, போதிய கலோரி. அரிசி, சிறுதானியம், எண்ணெய் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் போதாவிட்டால், உடல் புரதத்தையே எரிபொருளாக எரித்துவிடும். மூன்றாவது உழைப்பு. தசைக்கு வேலை கொடுக்காமல் அதிகம் உண்டால் வளர்வது கொழுப்பே.

அளவு என்ன?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரையும், நோயிலிருந்து மீளும் முதியவர்களுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரையும் தேவை என்பது 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று அளித்த பரிந்துரை. அதாவது, அதே 60 கிலோ எடையுள்ள முதியவர் நோயுற்றுத் தேறும்போது 72 முதல் 90 கிராம் வரை உண்ண வேண்டும்.

எடை குறைந்தவர்கள் வழக்கமான உணவுடன் நாளொன்றுக்கு 300 முதல் 500 கிலோ கலோரி வரை கூடுதலாகச் சேர்க்கலாம். ஒரு டம்ளர் பாலும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் சேர்ந்தாலே ஏறக்குறைய 300 கிலோ கலோரி ஆகிவிடும்.

நம் சமையலறையில் 74 கிராம்

- காலை: 3 இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், 2 முட்டை – 21 கிராம்
- முற்பகல்: ஒரு கைப்பிடி (30 கிராம்) நிலக்கடலை – 7 கிராம்
- மதியம்: 100 கிராம் அரிசியில் வடித்த சோறு, 40 கிராம் கொள்ளில் கடைந்த பருப்பு, ஒரு கிண்ணம் தயிர் – 21 கிராம்
- மாலை: ஒரு டம்ளர் பால், 30 கிராம் கடலையில் செய்த சுண்டல் – 12 கிராம்
- இரவு: 2 கம்பு தோசை, பாசிப்பயறு குழம்பு – 13 கிராம்

பருப்பு, பயறு, அரிசி ஆகியவற்றின் அளவுகள் சமைப்பதற்கு முந்தையவை. முட்டை உண்ணாதவர்கள் 60 கிராம் பனீரோ, 25 கிராம் சோயா உருண்டையோ சேர்க்கலாம். ஒரே வேளையில் நிறைய உண்பதைவிட மூன்று வேளைக்கும் புரதத்தைப் பகிர்ந்து உண்பதே தசைக்கு நல்லது.

கொங்கு வீடுகளில் நெடுங்காலமாக உள்ள அரிசியும் பருப்பும் சாதம் இதற்கு மிகப் பொருத்தமான உணவு. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடும் வீடுகளில், நோயாளிக்காக அதை இரண்டுக்கு ஒன்று என்று மாற்றினால் போதும்.

ஒரு வழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டுகிறோம். கொள்ளு வேகவைத்த நீரில் ரசம் வைத்து நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, கடைந்த பருப்பை மற்றவர்கள் உண்கிறார்கள். புரதத்தின் பெரும்பகுதி அந்தப் பருப்பில்தான் தங்குகிறது. பருப்புத் தண்ணீருக்கும் இது பொருந்தும். ஆட்டுக்கால் சூப்பும் பசியைத் தூண்டுமே தவிர, முட்டைக்கும் இறைச்சிக்கும் ஈடாகாது.

கவனம் தேவைப்படுவோர்

டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிகள் புரதத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு மாறாகக் கூடுதல் புரதம் தேவைப்படும். எனவே இவ்விரு பிரிவினரும் கல்லீரல் நோயாளிகளும் மேற்கண்ட அளவுகளைத் தாங்களாகப் பின்பற்ற வேண்டாம். மருத்துவர் குறிக்கும் அளவே அவர்களுக்கு உரியது. நீரிழிவு உள்ளவர்கள் கலோரியைக் கூட்டும்போது மாத்திரை, இன்சுலின் அளவுகளையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பல நாள்கள் மிகக் குறைவாக உண்டவருக்குத் திடீரென நிறைய கொடுத்தால், இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவுகள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். அவர்களுக்கு மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே உணவைக் கூட்ட வேண்டும்.

இளைஞர்களுக்கு

உடற்கட்டு மீதான ஆர்வம் கோவைக்குப் புதிதன்று. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன் நின்ற ‘சாண்டோ’ என்ற பட்டமே, ஐரோப்பிய உடற்கட்டு வீரர் யூஜின் சாண்டோவை நினைவூட்டுவது. இன்று உடற்பயிற்சிக் கூடம் செல்லும் இளைஞர்களுக்கும் அளவு உண்டு. கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 1.6 கிராமுக்கு மேல் உண்ணும் புரதத்தால் பெரும்பாலோருக்குக் கூடுதல் தசை சேர்வதில்லை. ஒரு கரண்டி புரத மாவில் உள்ள 24 கிராம் புரதம், 4 முட்டைகளில் கிடைப்பதே. ஸ்டீராய்டு ஊசிகளோ இதயம், கல்லீரல், ஆண்மை ஆகிய மூன்றையும் கெடுக்க வல்லவை. அவற்றை யார் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

பலனை அறிவது எப்படி?

எடை மட்டும் அளவுகோலாகாது. உடலில் நீர் கோத்தாலும் எடை கூடும். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து, கைகளை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்பதை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். மருத்துவர் அனுமதித்த பின் இதையே தினமும் பயிற்சியாகவும் செய்யலாம். தொடக்கத்தில் ஒருவர் அருகில் நிற்பது நல்லது.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, மூன்று நாள்கள் நோயாளி உண்டவற்றை அளவுடன் எழுதி எடுத்து வாருங்கள். “நன்றாகச் சாப்பிடுகிறார்” என்பதைவிட, “இரண்டு இட்லி, அரை டம்ளர் பால்” என்ற குறிப்பு எங்களுக்கு மிகவும் உதவும். எதைக் கூட்டுவது என்பதை அதிலிருந்தே நாம் சேர்ந்து முடிவு செய்யலாம்.