சக்கர நட்டைக் கழற்றும் கருவி

சித்தூர் – திருப்பதி சாலை. ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை. லாரிச் சக்கரத்தின் நட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. கடைக்காரர் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்கிறார். வழுக்கினால் முழங்கால் போய்விடும்.

இதற்கு இம்பாக்ட் ரெஞ்ச் என்ற கருவி இருக்கிறது. அதன் உள்ளே ஒரு சுத்தி சுழன்று சுழன்று அடிக்கும். நட்டு தளர்ந்துவிடும்.

எதை வாங்கலாம்? கடையில் காற்றுக் கம்ப்ரசர் இருந்தால், காற்றில் ஓடும் கருவி போதும். வண்டி நின்ற இடத்துக்கே போய் வேலை செய்பவருக்கு பாட்டரிக் கருவி நல்லது.

பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள். முறுக்கும் பலத்தை ‘நியூட்டன் மீட்டர்’ என்று போட்டிருப்பார்கள். கார் நட்டை முடுக்க சுமார் 100 போதும். பெரிய லாரிக்கு 500, 600 வேண்டும். துருப்பிடித்ததைக் கழற்ற இன்னும் அதிகம். விலை குறைவு என்று 300 உள்ளதை வாங்கினால், லாரி நட்டு அசையாது.

பளபளக்கும் சாதாரண சாக்கெட்டை இதில் மாட்டாதீர்கள். உடைந்து தெறிக்கும். தடித்த கறுப்பு சாக்கெட் கேளுங்கள்.

கழற்றத்தான் இந்தக் கருவி. கடைசி முடுக்குக்கு, அளவு காட்டும் டார்க் ரெஞ்சைக் கையால் பிடியுங்கள். மிஞ்சி முடுக்கினால் போல்ட் பலம் இழக்கும்.

சித்தூரில் மாட்டிய சக்கரத்தைத் திருப்பதியில் நிறுத்தி மறுபடி பாருங்கள். சுமார் 70 கிலோமீட்டர் ஓடியிருக்கும். நட்டு தளர்ந்திருந்தால் அங்கேயே தெரியும். திருமலைக்கு ஏறுவது அதற்குப் பிறகு.