அப்பப்பாவின் பெயர்

போன வருசம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். வம்ச மரம் வரையவேண்டுமாம். பக்கத்து மேசைப் பிள்ளையின் மரம் 1660களுக்குப் போகிறது. கெபெக்கில் இது பெரிய விசயமில்லை. 1663 தொடக்கம் 1673 வரை பிரெஞ்சு அரசர் கப்பலேற்றி அனுப்பிய ஏறக்குறைய 800 பெண்களைத் தேவாலயப் பதிவேடுகளில் இன்றைக்கும் தேடிப் பிடிக்கலாம். எங்கள் மரம் அப்பப்பாவோடு நின்றுவிட்டது.

அவரைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை. படம் கூட இல்லை. ஆனால் அவருடைய பெயர் தினமும் எங்கள் கையில் இருக்கிறது. எங்கட ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். அப்பா மொன்றியலுக்கு வந்து படிவம் நிரப்பியபோது குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தன் தகப்பன் பெயரை எழுதினார். அது என் மருத்துவ அட்டையில் ஏறியது, பிறகு என் மகளுக்கும் வந்தது. ஒருவரும் வாயால் சொல்லாத மனிதரின் பெயரைச் சொல்லித்தான் டீச்சர் அவளைக் கூப்பிடுகிறார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்பப்பா மலாயாவில் ரெயில்வேயில் கிளார்க். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலிஷ் படித்த யாழ்ப்பாணத்துப் பெடியள் நூற்றுக்கணக்கில் அப்படிப் போனார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் அவர்கள் கட்டிய கந்தசாமி கோயில் இன்றும் இருக்கிறது. அப்பா பிறந்த 1940இல் லீவில் வந்து போனவர்தான். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான், 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. கடிதமும் காசும் நின்றன. "சண்டைக்க போயிட்டார்" என்பதுதான் வீட்டுப் பதில். நானும் நம்பினேன்.

ஸ்காபரோவில் இருக்கும் மாமிக்குப் போன் எடுத்தேன். அப்பாவின் அக்கா, வயது 89.

"மாமி, அப்பப்பா எந்த ஊரில வேலை செய்தவர்?"

"உந்தப் பழங்கதை உனக்கு என்னத்துக்கு பிள்ளை? சாப்பிட்டியளே?"

மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் சாப்பாடுதான்.

பிறகு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைப் பக்கங்களில் தேடினேன். வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம், உங்கள் வீட்டிலும் மலாயாக் கதை இருந்தால் அங்கே தொடங்குங்கள். ஆனால் ஒரே பெயரை இங்கிலிஷில் எட்டு விதமாக எழுதியிருப்பார்கள். கே போட்டும் பாருங்கள், சி போட்டும் பாருங்கள். முதலெழுத்து தெரியாவிட்டால் வீண் வேலை. எனக்கு அந்தப் பெயரில் மூன்று பேர் கிடைத்தார்கள். எவர் எங்களுடையவர் என்று சொல்ல வழியில்லை.

வழி காட்டியது ஒரு காணி உறுதி. ஊரை விட்டு ஓடும்போது எங்கட சனம் படத்தை விட்டாலும் உறுதியை விடாது. ஆளைப் பற்றிக் கேட்காமல், "மாமி, உங்கட சீதன உறுதியை ஒருக்கால் காட்டுங்கோவன்" என்று நேரில் போய்க் கேட்டேன். சந்தோசமாகவே சூட்கேசைத் திறந்தா.

தேசவழமைக்கு உட்பட்ட கலியாணமான பெண், தன் சொந்தக் காணியைக் கைமாற்ற வேண்டுமென்றால் புருசன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அது எனக்கு எரிச்சல்தான், ஆனால் அந்த விதியால்தான் எங்களுக்குத் தடயம் கிடைத்தது. விதவையென்றால் சம்மதம் தேவையில்லை. புருசன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்கிற இடம் தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தில் கேட்டு அனுமதி வாங்கலாம்.

1958இல் எழுதிய அந்த உறுதியில் அப்பம்மா விதவை என்று இல்லை. நீதிமன்ற அனுமதி என்று இருந்தது. சண்டை முடிந்து 13 வருசம். அவர் செத்துவிட்டார் என்று அப்பம்மா எங்கேயும் சொல்லவில்லை.

நான் வாசித்த இடத்தில் விரலை வைத்தபடி இருந்தேன். மாமி பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு சொன்னா: "எனக்குச் சீதனம் எழுத அம்மா கோட்டுக்குப் போனவ. அவ்வளவு சனத்துக்கு முன்னால, புருசன் என்னை விட்டிட்டான் எண்டு சொல்ல வேண்டி வந்தது. வந்து படுத்தவ, மூன்று நாள் எழும்பேல்ல. பிறகு ஆரும் அந்தாளின்ர பேரை எடுக்கிறேல்ல."

இத்தனை வருசமும் அவர்கள் அப்பப்பாவை மறைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் பொத்தி வைத்தது அப்பம்மாவை. நான் திரும்பத் திரும்பக் கேட்டது மாமிக்கு எப்படி இருந்திருக்கும் என்று காரில் வரும்போதுதான் உறைத்தது.

மலேசியாவில் இன்னொரு குடும்பம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எச்சில் துப்பி அனுப்பினால் ஒருவேளை முகம் தெரியாத மச்சான் மச்சாள்மார் வந்து நிற்பார்கள். ஆனால் அவர்கள் வீட்டிலும் சொல்லப்படாத கதை ஒன்று இருக்கும், அங்கேயும் ஒரு மாமி இருப்பா. எங்கட மாமியிடம் கேட்டேன். "நான் கண்ணை மூடின பிறகு செய் பிள்ளை" என்றா. பெட்டி அலுமாரியில் இருக்கிறது.

மரத்தில் என்ன எழுதுவது என்று மகள் கேட்டாள். பொய் எழுத எனக்கு மனமில்லை, முழுக் கதையும் ஒன்பது வயதுக்கு வேண்டாம். அப்பப்பாவின் பெயருக்குக் கீழே, "மலாயாவில் வேலை செய்தார், திரும்பி வரவில்லை" என்று பிரெஞ்சில் எழுதினாள். அப்பம்மாவின் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று மாமியிடமே போனில் கேட்கச் சொன்னேன். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார்கள்.